அரக்கு முத்திரை வைத்த வேன்

அருள்நாதனுக்குச் சட்டென்று கோபம் வராது. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவர். பாதி வழியில் பிள்ளை பிறந்தும் பதறாதவர். குடித்துவிட்டு வண்டிக்குள்ளேயே வாந்தி எடுத்தவனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, ஒரு சுடுசொல் இல்லாமல் வண்டியைக் கழுவியவர். அப்படிப்பட்ட மனிதரை அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு கடிதம் கொதிக்க வைத்துவிட்டது. நியாயமான கோபம்தான். கேட்கிற யாருக்கும் கொதிக்கும்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர் அவர். ஐம்பத்தாறில் கப்பலேறி அந்தமானுக்கு வந்தார். கப்பலில் வந்து இறங்கும் ஜீப்புகளையும் லாரிகளையும் ஜெட்டியிலிருந்து அந்தந்த ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுவதுதான் முதல் வேலை. கப்பலில் ஏற்றுகிற வண்டிக்கு பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அவர் கைக்கு வந்த வண்டியெல்லாம் அப்படியே வந்ததால், நிற்கிற வண்டி எதுவானாலும் வயரைக் கழற்றி வைப்பதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார். அது கப்பலுக்கு மட்டும் உள்ள விதி என்று தெரிவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது, கைக்கும் பழக்கம் ஊறிவிட்டது. இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர். டீ குடிக்க நிறுத்தினாலும் பானெட்டைத் தூக்கி வயரைக் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் நுழைவார். வேனுக்குத் தாலி கழற்றுகிறான் என்று சிரிக்காத டிரைவர் போர்ட் பிளேரில் கிடையாது.

கடிதம் ஏப்ரல் மாதம் வந்தது. வேனைச் செய்த மெயின்லேண்ட் கம்பெனி எழுதியிருந்தது. ஆபீசில் எல்லோரும் படா பாபு என்று கூப்பிடும் தலைமை எழுத்தர் பக்தவத்சலம்தான் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். அறுபத்துமூன்றில் செய்த வேன்களில், பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் பெரிய வயர் ஒரு தகட்டின் விளிம்பில் உரசுகிறது. மேல்தோல் தேய்ந்தால் சாவி போடாமலேயே தீப்பிடிக்கலாம். உடனே ஓட்டுவதை நிறுத்தி, முப்பது நாளுக்குள் அருகிலுள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்.

அருகிலுள்ள பட்டறை மதராசில் இருந்தது. நடுவில் கடல் இருந்தது. கடிதம் வந்து சேரவே இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

ஆனாலும் அருள்நாதன் வேனை நன்றாகக் கழுவி, கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். சரக்கு ஏற்றும் பாபு கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஆக் லக்னே வாலா காடி ஹை," என்றார். தீப்பிடிக்கிற வண்டி. "ஜஹாஸ் மே நஹி சடேகா." கப்பலில் ஏறாது.

"பேட்டரி வயரக் கழத்திட்டுத்தானே பாபு ஏத்துவோம். பிறகு எங்க தீ?"

அதெல்லாம் எனக்குத் தெரியாது, வண்டியைச் சரிசெய்ததாக சர்ட்டிபிகேட் கொண்டுவா, ஏற்றுகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டார் பாபு. சரிசெய்த வண்டிக்குக் கப்பல் எதற்கு? கடிதத்தைக் காட்டாமலே போயிருந்தால் வேன் பேசாமல் கப்பலேறியிருக்கும். உண்மையைக் காட்டியதற்குக் கிடைத்த மரியாதை இது.

அந்த வயரையாவது கப்பலில் அனுப்புங்கள் என்று ஆபீசிலிருந்து கம்பெனிக்கு எழுதினார்கள். எங்கள் பட்டறையில் எங்கள் ஆள்தான் மாட்ட வேண்டும், வெளியே தருவதற்கில்லை என்று ஜூன் மாதம் பதில் வந்தது.

அருள்நாதன் படா பாபுவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். கையில் ஒரு சாண் சைக்கிள் டியூப் துண்டு.

"சார், எந்த எடத்துல உரசுதுன்னு கடுதாசியிலயே போட்டிருக்கான். டேஷ்போர்ட கழத்தி இந்த டியூப வயர் மேல சுத்திட்டாப் போதும். அரை மணி நேர வேல. நானே செஞ்சிருதேன்."

"என்னப்பா, விளையாடுறியா? இப்ப வந்த பதில்ல வேற ஆள் கை வைக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கான். நீ கை வச்சேன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் எங்க பொறுப்பு இல்லேன்னுடுவான். அப்புறம் யார் பதில் சொல்றது?"

"அப்பம் நான் வண்டி எடுக்கமாட்டேன் சார்."

"எடுக்காதே. சௌல்தாரி கிராமத்துலேர்ந்து பிள்ளைத்தாச்சிங்க நடந்து வரட்டும்."

அருள்நாதன் டியூப் துண்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வேன் சாவியை எடுத்தார். இருந்தது ஒரே வேன். பக்தவத்சலத்துக்கு இது நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சொன்னார். அதோடு விட்டாரா? இந்த ஆள் திருட்டுத்தனமாகக் கை வைத்துவிடுவான் என்று பயந்து, டேஷ்போர்டு திருகாணிகளின் மேல் காகிதம் ஒட்டி, அரக்கை உருக்கி ஆபீஸ் முத்திரை வைத்தார். ஃபைலில் ஒரு குறிப்பும் எழுதினார்: ஐந்து வருடத்தில் இந்த வேனில் ஒரு முறைகூடப் புகை வந்ததில்லை, ஆகவே அபாயம் இல்லை, தொடர்ந்து ஓட்டலாம்.

ஏன் புகை வரவில்லை? நிறுத்திய இடத்திலெல்லாம் ஒருவர் வயரைக் கழற்றி வைத்ததால் வரவில்லை. ஊர் சிரித்த அந்தப் பழக்கத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். நிற்கிறபோது கழற்றலாம். ஓடுகிறபோது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. மனைவி கிரேசிதான் கேட்டாள். "அந்த முத்திரைய ஒடைச்சாத்தான் என்ன? வேலையா போயிரும்?"

"வேலையும் போவும், குவார்ட்டர்சும் போவும். நாம எங்க போறது?"

ஆனால் அந்த வாரமே அருள்நாதன் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். வேனின் பின்கதவுத் தாழ்ப்பாள் வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளே படுத்திருப்பவர்களால் திறக்க முடியாது. அவர் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டு, கதவைக் கயிற்றால் உள்பக்கமாக உருவுமுடிச்சுப் போட்டுக் கட்டினார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் நுனியைக் காட்டி, நான் இழுங்கன்னு சொன்னா இழுத்துருங்க என்று சொல்லி வைத்தார். எதற்கு என்று மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் யார் ஏறுவார்கள்?

ஜூலையில், விடாத மழையில், சௌல்தாரியிலிருந்து பொன்னம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். தலைப்பிரசவம். வலி கண்டு அரை நாள் ஆகியிருந்தது. புருஷன் ஜம்புலிங்கம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் அருள்நாதனுக்கு ரப்பர் கருகும் வாடை அடித்தது. அரக்கு முத்திரை கண்ணெதிரே இளகி, சிவப்பாக ஒழுகியது. அதன் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது.

"ஜம்புலிங்கம், கயித்த இழு. அவளத் தூக்கிட்டு எறங்கு."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரால் வயரைக் கழற்றினார். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிற கை, கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் டேஷ்போர்டிலிருந்து முன் சீட்டுக்குத் தீ தாவிவிட்டது. சாலையோரச் சேற்றை வாரி வாரி அடித்து அணைத்தார். திரும்பிப் பார்த்தால், கொட்டுகிற மழையில் பொன்னம்மா புருஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றபடியே முக்கிக்கொண்டிருந்தாள். கர்த்தர் புண்ணியத்தில் ஒரு மர லாரி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.

வீட்டில், கொப்பளித்த கைகளுக்குக் கிரேசி மருந்து போடும்போதுதான் அவர் வாய்விட்டுச் சொன்னார். "ஒரு காயிதத்துக்குப் பயந்து அந்தப் புள்ளய ஏத்துனேன் பாரு. எம்மேலயே எனக்கு வெறுப்பா இருக்கு."

நான்காம் நாள் அவருக்கு மெமோ வந்தது. இரண்டு கேள்விகள். வேனில் தீ அபாயம் இருப்பதை முன்பே அறிந்திருந்தும் நோயாளியை ஏற்றியது ஏன்? டேஷ்போர்டின் மேல் வைத்த ஆபீஸ் முத்திரை இப்போது காணப்படாததற்கு விளக்கம் என்ன? மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும்.

அருள்நாதன் மூன்று நாள் காத்திருக்கவில்லை. கைக்கட்டோடு அப்போதே ஆபீசுக்கு நடந்தார். கருகிப்போன வயரைப் பக்தவத்சலத்தின் மேசையில், அந்த மெமோவின் மேலேயே வைத்தார். அதில் ஒரு சொட்டு அரக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க முத்திர இங்க இருக்கு சார்."

பக்தவத்சலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுத்து மூலமா குடுப்பா. அதான் முறை."

"குடுக்கேன்." இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து வயருக்குப் பக்கத்தில் வைத்தார் அருள்நாதன். "அடுத்து வாற டிரைவருக்கு இதயும் குடுங்க. வண்டி நிக்கயில என்ன செய்யணும்னு நான் எழுதித் தாறேன். ஓடயில, பின்னால ஒரு பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு என்ன செய்யணும்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. ரெண்டையும் சேத்து ஃபைல்ல வச்சிருவோம்."

எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். பக்தவத்சலம் பேனாவைத் திறந்தார். ஒரு வரிகூட எழுதாமல் மூடினார்.