பாட்டில்லாத நடவு

தூளி கட்டியிருந்த புங்கமரத்துக்கும் நாங்கள் நட்டுக்கொண்டிருந்த கழனிக்கும் முப்பது தப்படிகூட இருக்காது. பழைய நூல்புடவைத் தூளி. ஏழு மாதக் குழந்தையான என் மகள் அதில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கனத்துக்குத் துணி தொங்கி, அடிப்பக்கம் புல்லைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. இன்னும் ஒரு முழம் ஏற்றிக் கட்டச் சொல்லியிருந்தாள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

ரிஷிவந்தியம் பக்கத்தில் நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள் அவள்தான். பதினைந்து பெண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடுவோம். வரப்பில் பிள்ளை தூங்கினால் யாரும் பாடக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், தவளை என்ன சொல்கிறதென்று காதில் விழ வேண்டும் என்பாள். பாட்டில்லாமல் நாள் முழுக்கக் குனிந்து நடுவது எத்தனை கொடுமை என்று நட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கழனியில் மற்றவர்கள் பாட, நாங்கள் எழவு வீடு போல நட்டுக்கொண்டிருப்போம்.

கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் பட்டப்பகலிலேயே தவளைகள் கழனி முழுக்கக் கத்தும். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவளுக்கு அப்படியில்லை. அடித்தொண்டையில் விட்டு விட்டுக் கத்தினால் ஆண் தவளை ஜோடியைக் கூப்பிடுகிறது. இன்னொரு ஆண் கிட்டே வந்துவிட்டால் அதே குரல் குறுகி முரடாகும். இது என் இடம், போ என்று அர்த்தம். ஆண்மேல் ஆண் தெரியாமல் ஏறிவிட்டால் கீழே இருப்பது சின்னச் சின்னதாக முனகும். "வுடுடா, நான் பொட்ட இல்லன்னு சொல்லிகினு கீது," என்பாள் சிரிக்காமல். "ஏங்க்கா, நீங்க வூட்ல இன்னா சொல்லுவீங்க?" என்று ஒருத்தி கேட்க, நாங்கள் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிடுவோம். அவள் காது மட்டும் புங்கமரத்துப் பக்கமே இருக்கும்.

அன்று காலை, நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, பிரிக்கத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினாள். எனக்கு வாயும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. மதியக் கஞ்சி குடித்துவிட்டு இறங்கியதும் வேண்டுமென்றே பாட்டை எடுத்தேன். நாலைந்து பேர் வாங்கிப் பாடினார்கள், பிறகு எல்லோரும். "நிறுத்தும்மே," என்று அவள் சொன்னது கேட்டது. குரலை இன்னும் உயர்த்தினேன். வானம் இருண்டுகொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கைகளும் வேகமெடுத்தன.

திடீரென்று அவள் நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடினாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் மரத்தடியில் என் மகளைத் தூளியோடு சேர்த்து இழுத்து வாரிக்கொண்டு பின்னால் தாவினாள். பாட்டு நின்றது. நின்ற பிறகுதான் எனக்கு அந்தக் குரல் கேட்டது. பிள்ளை வீறிடுவது போல, நீளமாக, இடைவிடாமல் ஒரு தவளை கத்தியது. தூளி தொங்கிய இடத்துக்கு நேர்கீழே ஒரு நல்ல பாம்பு அந்தத் தவளையின் பின்காலைக் கவ்வியிருந்தது. மற்ற தவளைகள் எதுவும் வாய் திறக்கவில்லை.

என் மகள் இப்போது கள்ளக்குறிச்சியில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறாள். அவள் வீட்டுப் பின்னால் குட்டையில் தவளை கத்தினால் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் போய்த் திறந்துவைப்பேன். ஏன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. ஓரகத்தி போன வருஷம் தவறிப்போனாள். இனி சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அன்று மழையில் நனைந்துகொண்டு திரும்பும்போது அவள் குழந்தையை என்னிடம் தரவேயில்லை. அவள் தலைப்பிரசவத்துக்குச் சின்னசேலம் பக்கத்தில் தாய்வீடு போய் வெறுங்கையோடு வந்ததை வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது என்பார்கள். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்லக்கா, மன்னிச்சிடுங்க," என்று அழுதேன்.

அவள் நடந்துகொண்டே சொன்னாள்: "உனக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சி. எம்புள்ள காய்ச்சல்ல போவல. எங்கம்மா வூட்டு நடவுல, வரப்புல சாக்குப் போட்டுப் படுக்க வச்சிருந்தேன். இதே மாதிரி தவள கத்தனது நல்லாவே காதுல வுழுந்துச்சி. பாட்டு எடுத்தவ நானு. இந்த அடிய முடிச்சிட்டுப் போய்ப் பாக்கலாம்னு பாடிக்கினே இருந்துட்டேன்."