சித்தி படித்த போர்ச்சுகீசியம்

என் சித்தி போர்ச்சுகீசிய மொழி படித்தாள் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புத்தகத்தில் முப்பத்திரண்டு பாடங்கள். அதில் பதினொன்றை அவள் முடித்தாள். சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கும் அந்த மொழி தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். நான் எட்டாம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி ஆரம்பாக்கத்தில் எங்களோடு இருந்தாள். கப்பலில் ஃபிட்டராகப் போன சித்தப்பா, பிரேசிலில் ஒரு துறைமுகப் பட்டறையில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணத்துக்குப் பின் அவர்கள் சேர்ந்து இருந்தது இருபத்து மூன்று நாள். பிரிந்திருந்தது இரண்டு வருடம் நான்கு மாதம். மனைவிக்கும் கம்பெனியே கப்பல் சீட்டு கொடுக்கும். ஆனால் தனியாக வருகிறவள் அந்த ஊர் மொழியில் பத்துக் கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும். சென்னை ஏஜென்ட் ஆபீசில் கேட்டுப் பார்ப்பார்கள். இந்த முறை தவறினால் அடுத்த வருடம்தான்.

புத்தகத்தைச் சித்தப்பாவே தபாலில் அனுப்பியிருந்தார். இங்கிலீஷ்காரர்களுக்கென்று எழுதியது. ஐந்தாவது வரை படித்த சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் அதைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். குதிரைக்குப் புல் போட்டாயிற்றா, என் தொப்பி எங்கே என்று துரைமார்களுக்கு வேண்டிய வாக்கியங்களே அதில் அதிகம்.

சமையலறையில்தான் பாடம். அந்த மொழியில் ஒவ்வொரு பொருளும் ஒன்று ஆண், இல்லையென்றால் பெண்.

“கரண்டி?”

“பொம்பள, சித்தி.”

“கத்தி?”

“அதுவும் பொம்பள.”

“அது சரி. அடுப்பு?”

“ஆம்பள.”

“பொய் சொல்றான் பாரு. ஆம்பளயா இருந்தா இன்னாத்துக்குடா இது காலைலருந்து என்கூடவே கெடக்குது?”

அம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காப்பி சிந்தியது.

‘இருக்கிறேன்’ என்பதற்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். நிலையாக இருப்பதற்கு ஒன்று, மாறக்கூடியதற்கு ஒன்று. இதை விளக்கியபோது சித்தி அரிவாள்மனையில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அவரு தூரத்துல இருக்காருன்னு சொல்லணும்னா?”

நான் பக்கம் புரட்டிப் பார்த்தேன். “மாறக்கூடியதுக்கு உள்ள சொல்லு, சித்தி.”

“நல்ல புஸ்தகம்தான்டா,” என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தரிக்காய் நறுக்கினாள்.

ஏழாம் பாடத்தில் நின்றுவிட்டோம். உன் கணவர் பெயர் என்ன என்பது கேள்வி. சித்தி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில்கூட நான்தான் சொல்வேன். சித்தப்பாவுக்கு வைத்திருந்தது சாமி பெயர் என்பதால் அந்தச் சாமியையே அவள் ‘மயில் மேல இருக்கிறவரு’ என்றுதான் குறிப்பிடுவாள்.

மூன்று நாள் கெஞ்சினேன். “சும்மா இருடா, அவரு ஆயுசு கொறஞ்சிரும்,” என்றாள். எனக்கோ பரீட்சைக் கவலை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தப் பாடத்திலேயே ஜுவாவ் என்று ஒரு பெயர் இருந்தது. பழகுவதற்கு அதையே சொல், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். யாரோ ஒரு ஜுவாவ்தானே, சித்திக்குக் கூச்சமே இல்லை. “ஊ மெவ் மரீது ஷாமசே ஜுவாவ்.” என் கணவர் பெயர் ஜுவாவ். இப்படி நாற்பத்தொரு முறை சொன்னாள். நோட்டில் கோடு போட்டு வைத்தேன், அதனால் எண்ணிக்கையில் சந்தேகமில்லை.

அப்பா எங்கள் இருவரையும் ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போனார். ஏஜென்ட் ஆபீசில் கேள்வி கேட்டவர் வழுக்கைத் தலையோடு ஒரு கோவாக்காரர். துறைமுகத்திலேயே வெகுகாலம் இருந்தவர் என்பதால் சென்னைத் தமிழ் தண்ணீராக வந்தது. போர்ச்சுகீசியத்தில் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் சித்தி டக் டக்கென்று பதில் சொன்னாள். ஆறாவதாக அந்தக் கேள்வி வந்தது.

“ஊ மெவ் மரீது ஷாமசே ஜுவாவ்.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“இன்னாம்மா இது? பேப்பர்ல வேற பேரு கீது. யாரு அந்த ஜுவாவ்?”

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சார், நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன், அவங்க பேரு சொல்ல மாட்டாங்க,” என்று உளறி, சித்தப்பாவின் பெயரையும் நானே சொன்னேன்.

“நீ கம்முனு இரு. வழில மூணு துறைமுகத்துல எறக்கி விசாரிப்பான். புருஷன் பேரு தெரியாத பொம்பளய எவன் ஏத்துவான்? அங்கெல்லாம் இந்தப் பையனா வருவான்? நீங்க சொல்லுங்கம்மா. இல்லன்னா ஊட்டுக்குப் போய்க்கினே இருங்க.”

அப்பா எழுந்து ஜன்னலருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு, கிரேன்களைப் பார்ப்பது போல நின்றார். சுவர்க் கடிகாரம் ஐம்பத்தாறு முறை டிக்கடித்தது. சித்தி முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, முழு வாக்கியத்தையும் முதலிலிருந்து சொன்னாள். கடைசியில் ஜுவாவ் இல்லை. சித்தப்பாவின் பெயர், இனிஷியலோடு.

மீதி நான்கு கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. சீட்டு எழுதி, முத்திரை குத்தி, சித்தியின் கையிலேயே கொடுத்தார்.

திரும்பும்போது எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிரில் அப்பா தூங்கிவிட்டார். எண்ணூர் தாண்டியதும் சித்தியின் உதடு அசைவதைப் பார்த்தேன். சாய்ந்து காது கொடுத்தேன். அதே வாக்கியம்தான், சரியான பெயரோடு. சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கினாள்.

“அதான் பாஸாயிட்டியே சித்தி, இன்னும் இன்னாத்துக்குப் படிச்சிக்கினு கீற?”

“நீ வேடிக்கை பார்த்துக்கினு வாடா,” என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

மறந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சொல்லிக்கொடுத்தவன் என்கிற பொறுப்பு இருந்ததால், தப்பில்லாமல் சொல்கிறாளா என்று கூர்ந்து கவனித்துக்கொண்டே வந்தேன். பொன்னேரி வருவதற்குள் பதினேழு முறை சொன்னாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை.