மேசைக் காலுக்குப் போன இதழ்

இல்ஃபோர்டில் பூசை முடிந்ததும் ஊரிலிருந்து வரும் எங்கள் கத்தோலிக்க மாத இதழுக்குச் சந்தா சேர்க்க நின்றிருந்தேன். எங்கள் கோயிலின் பங்குச் சபைத் தலைவர் ஓர் இதழை எடுத்து நான்காக மடித்து, தேநீர் மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே செருகினார்.

"இப்ப ஆர் தங்கச்சி இதை வாசிக்கினம்? இதுக்காவது உதவட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இதழின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில் ஓர் அறிவிப்பைப் படித்திருந்தேன். பத்துப் புதிய சந்தாதாரரைச் சேர்ப்பவர் எழுதித் தரும் மன்றாட்டு பூசையில் வாசிக்கப்படுமாம்.

"அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவமே, ஃபாதர்?" என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன்.

"ஓம், நல்ல யோசனை" என்றார், பாவம்.

நகரின் வடக்கே இருக்கும் எட்மண்டன் வரை பஸ்ஸில் அலைந்து பத்துப் பேரைப் பிடித்தேன். ஞாயிறு காலை என் மன்றாட்டை வாசக மேடையில் வைத்தேன். மன்றாட்டுகளை வாசிப்பவர் எப்போதும் தலைவர்தான். முன்கூட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை.

"எங்கள் பங்குச் சபைத் தலைவரின் ஆணவம் அடங்க வேண்டுமென்று..." எனக் கணீரென்று வாசித்தவர் அப்படியே நின்றுவிட்டார். முடிந்துவிட்டதென்று நினைத்த கோயில் முழுவதும் வழக்கம்போலப் பதில் சொன்னது:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லாரையும்விட உரக்கச் சொன்னது நான்தான்.