மாப்பிள்ளைக்குக் குறுக்கே ஒரு குழாய்

அந்தக் குழாயை அறுத்தது நீ. என் வெல்டு விடவில்லை. நீ அறுத்தாய்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்த 'நீ' என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வாடகைக்கு விடுகிறான். நான் கடலூர் பழைய துறைமுகப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் படகு வேலை.

பழைய காரை வாங்குவாய், கூரையை வெட்டுவாய், பூ கட்டி விளக்கு மாட்டுவாய். மேளக்காரர்கள் முன்னால் நடப்பார்கள். அவர்கள் பின்னால் உன் கார் நடக்கும். நடக்கிற வேகத்துக்கு மேல் அது போனதே இல்லை. அதனால் அடியில் பலம் இருக்கிறதா என்று நீ ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன வருஷம் மழை விட்ட சமயம், ஒரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தாய்.

"மாமா, இது ஊர்வல வண்டி மட்டும் இல்ல. ஈசிஆர்ல பறக்கணும். பெரிய இன்ஜின் வெச்சிட்டேன். பழசவுட நாலு மடங்கு இழுவை ஜாஸ்தி."

"கூரை எங்கடா?"

"அதான் வெட்டியாச்சே."

"யாரக் கேட்டு வெட்டுன?"

"கூரைய வெட்றதுக்கும், கல்யாணத்துக்கு மாதிரி, மாதா கோவில்ல மூணு வாரம் ஓலை வாசிக்கணுமா மாமா? ஆட்சேபணை இருக்கறவுங்க சொல்லலாம்னு?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் இப்போது எனக்குக் கோபம்.

செருப்பு டப்பாவை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், முறுகாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் கோணிக்கொண்டு போகும். காரும் அப்படித்தான். கூரை போனதும் வண்டி நடுவில் தொய்ந்திருந்தது. கதவைச் சாத்த நீ தோளால் இடித்தாய். அந்த உடம்புக்குள் நாலு மடங்கு இன்ஜின். திட்டிக்கொண்டேதான் வேலையை எடுத்தேன்.

ஆனால் அந்த நாட்களைப் போல வேறு நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

துருப்பிடித்த தரைத் தகட்டை முழுக்க எடுத்துவிட்டேன். கூரை ஏற்கெனவே இல்லை. அடியில் மல்லாந்து படுத்தால் நேராக வானம். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேகம் பார்த்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உப்பனாற்றுக் காற்று சட்டத்துக்குள் நுழைந்து மெல்ல விசில் அடிக்கும். ஒரு கொக்கு இடது பக்கச் சட்டத்தில் நுழைந்து வலது பக்கச் சட்டத்தில் மறையும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மேகம் நின்றுவிடும், வண்டிதான் நகரும். நானும் அதோடு போவேன், ஆற்றோடு, முகத்துவாரம் தாண்டி. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாது. வெல்டிங் கண்ணாடி நெஞ்சின் மேல் கிடக்கும்.

அந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது. வண்டியின் நடுவில் ஜாக்கி வைத்து, கொஞ்சம் ஏற்றி, அப்படியே விட்டுவைக்க வேண்டும். கதவு இடுக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவுக்கு வரும்வரை இரும்பைப் பார்த்துக்கொண்டே உட்காரவேண்டும். வந்த பிறகுதான் பற்றவைக்கலாம். தொய்ந்த வண்டியை அப்படியே வெல்டு செய்தால் அந்தத் தொய்வே நிரந்தரமாகிவிடும். இடது பக்கம் ஒரு விரல் நீளம், வலது பக்கம் ஒரு விரல் நீளம், பிறகு ஆறவிட வேண்டும். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் சதுரக் குழாய் வைத்தேன். அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு பட்டை. கடைசியாக முன் சீட்டுகளுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், இரண்டு பக்கக் கதவுத் தூண்களையும் சேர்த்து ஒரு கனமான உருண்டைக் குழாய். கூரை செய்துகொண்டிருந்த வேலையில் பாதியை அந்த ஒரு குழாய்தான் செய்தது.

"இத கழட்ட முடியாதா மாமா?" என்று கேட்டாய்.

"ஒன் முதுகெலும்ப கழட்டு, அப்பறம் இத கழட்டு."

முடிந்ததும் கதவு இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகினேன். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் ஏற்றினேன். உடம்பு முறுகினால் இடுக்கு மாறும். குச்சி விழும், இல்லை நசுங்கும். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. குச்சி அப்படியே இருந்தது. கதவைத் திறந்து ஒரு விரலால் சாத்தினேன். க்ளிக். நீ குனிந்து அந்த இடத்தில் முத்தம் கொடுத்தாய். இல்லை என்று சொல்லிப் பார்.

விடியற்காலையில் இரண்டு பேரும் சிதம்பரம் கிளம்பினோம். நீ ஓட்டினாய். கூரை இல்லாத வண்டியில் ஊர்களைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று அன்று தெரிந்தது. கருவாட்டு வாடை, தொழிற்பேட்டை வாடை, அப்புறம் சவுக்குத் தோப்பு, அப்புறம் தண்ணீர் நிற்கிற வயல். பனி முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. நீ மிதித்தாய். வண்டி ஒரு சத்தமும் போடாமல், குலுங்காமல், தரையை மறந்துவிட்டுப் போனது. வெள்ளாற்றுப் பாலத்தில் கீழே ஆறு தெரியவில்லை, பனிதான் இருந்தது. பாலமும் தெரியவில்லை. வெறும் வெள்ளையில் நாம் இரண்டு பேரும், என் இரும்பும். கையை அந்தக் குழாயின் மேல் வைத்திருந்தேன். அது சில்லென்று, அசையாமல் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, காற்றில் காய்ந்துவிட்டது.

அந்தக் குழாயைத்தான் அறுத்தாய்.

எனக்கு இது முதலில் தெரியாது. புவனகிரி டீக்கடையில்தான் தெரிந்தது. வண்டிக்காரர்களும் மெக்கானிக்குகளும் கூடுகிற கடை. ஒருவர் கேட்டார்: "இன்னாங்க, ஒங்க வெல்டு வுட்டுடுச்சாமே? ஒங்க மச்சானே சொன்னாரு." ஊர்வலம் முடிந்து திரும்பும்போது நீ வேகமெடுத்திருக்கிறாய். பாலத்துக்கு முன்னால் ஒரு சக்கரம் குழியில் இறங்கியது, கதவு தானாகத் திறந்துகொண்டது, அதில் சாய்ந்திருந்த வீடியோக்காரர் ரோட்டில் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம்.

டீயை வைத்துவிட்டு நேராக உன் கொட்டகைக்கு வந்தேன். சீட்டின் மேல் சிவப்பு வெல்வெட் துணி போட்டிருந்தாய். தூக்கினேன். இரண்டு தூணிலும் என் வெல்டு அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, குழாய் தட்டையாக அறுபட்டிருந்தது. வெல்டு விட்டால் கிழிந்து, பல்லுப் பல்லாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது. மேலே கறுப்பு பெயிண்ட் வேறு.

"இது இன்னா?"

"வீடியோல மாப்பிள்ளைக்குக் குறுக்க கம்பி தெரியுது மாமா. ஜெயில்ல நிக்கிற மாதிரி இருக்குன்னு பொண்ணு வூட்ல சொன்னாங்க."

"அதுக்கு அறுப்பியா?"

"சும்மா அறுக்கல. அறுத்துட்டு எட்டுப் பேர ஏத்தி, மேளம் வெச்சி ஆடவுட்டுப் பாத்தேன். கொஞ்சங்கூட அசையல."

ஊர்வல வண்டிக்காரன் புத்தி இது. பாரம் ஏற்றிப் பார்த்தாய், முறுக்கிப் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் எட்டுப் பேர் அல்ல, எண்பது பேர் ஆடட்டும். ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு ஜாக்கியும் ஒரு தீக்குச்சியும் போதும். நீ பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே?

"சரி, என் வெல்டுன்னு ஏன்டா சொன்ன?"

தலையைச் சொறிந்தாய். "குடும்பத்துக்குள்ளதான மாமா. ஒங்களுக்குப் படகு வேல இருக்கு. எனக்கு இது முகூர்த்த சீசன். நான்தான் அறுத்தேன்னு சொன்னா எவன் வண்டி எடுப்பான்?"

எனக்குப் படகு வேலை இருக்கிறதா? கேட்டுக்கொள். அடுத்த வாரமே ஒரு படகுக்காரர் இன்ஜின் சட்டத்தை வேறு பட்டறைக்கு எடுத்துப்போனார். சண்டை போடவில்லை, மரியாதையாகவே சொன்னார்: "கடல்ல வெல்டு வுட்டா எறங்கி நிக்க எடம் இல்லீங்க." அவர் சொன்னது நியாயம். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். இவன் வைத்தால் விடாது என்கிற பெயர். அதை எடுத்து உன் சீசனுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டாய்.

உன் அக்கா இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் அந்த ஜாக்கியில ஏத்தி வெச்சி, யாரு கோணல்னு பாக்கணும்" என்றாள். எனக்குச் சம்மதம். ஏற்றட்டும்.

இப்போதும் கனவில் அந்த விடியற்காலை வருகிறது. பாலம் இல்லாத பாலம், பனி, கைக்கு அடியில் அசையாத இரும்பு. விழித்ததும் கை ஒன்றையும் பிடித்திருக்காது. அந்த வண்டி அதே குறையோடு இன்னும் ஓடுகிறது. அடுத்த மாப்பிள்ளை அதில் ஏறுவான்.

மச்சான், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வண்டியைப் புவனகிரி டீக்கடைக்கு ஓட்டி வா. எங்கே சொன்னாயோ, அங்கேயே. ஜாக்கியும் தீப்பெட்டியும் நான் கொண்டு வருகிறேன். வெல்வெட் துணியை நீ தூக்கு. அறுத்த முனையில் வந்தவர்கள் விரல் வைத்துப் பார்க்கட்டும். படகுக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எல்லார் முன்னாலும், சத்தமாக, பதில் சொல்: என் வெல்டு விட்டதா, நீ அறுத்தாயா?