திட்டு வாங்கிய படங்களும் தங்கமணியின் சிரிப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுப் படத்துக்குக் கூப்பிட்டேன். என் மனைவி தங்கமணி போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஒன்றரை ஸ்டாருதான் போட்டிருக்கறாங்க. இதுக்கெல்லாம் போவோணுமாங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே திட்டிய படங்களைத் தேடிப் போய்ப் பார்த்துச் சிரித்து அழுதுவிட்டு வந்தவள் இவள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கல்யாணமான புதிதில் கோயமுத்தூர்ப் பக்கம் போத்தனூரில் குடியிருந்தோம். எனக்கு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. கேண்டீனுக்கு வாரப் பத்திரிகை வந்தால் சினிமா விமர்சனத்தை முதலில் படிக்கிறவன் நான்தான். பெரிய ரசிகன் என்று நினைப்பு. தியேட்டரில் போய் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் படம் ஓடும், மண்டைக்குள் விமர்சனம் ஓடும்.

நாங்கள் வழக்கமாகப் போகிற தியேட்டரில் பெண்களுக்குத் தனி வரிசை. அதில் சீக்கிரம் டிக்கெட் கிடைக்கும் என்று தங்கமணியை அனுப்பிவிட்டு நான் ஓரமாக நிற்பேன். அங்கேதான் வினை. டிக்கெட் கைக்கு வருவதற்குள் அவள் யாரையாவது சிநேகம் பிடித்திருப்பாள்.

"ஏனுங்க, இந்தக்கா பக்கத்து ஊரு குறிச்சிங்களாமா. நாங்க ஒண்ணா உக்காந்துக்கறமுங்க."

அப்புறம் எனக்கு ஏது இடம்? வரிசையின் கடைசியில், குறிச்சிக்காரியின் புருஷனுக்கும் அந்தப் பக்கம். அன்றைய படத்தைப் பத்திரிகை கிழித்துத் தோரணம் கட்டியிருந்தது. நினைவு தப்பிய கதாநாயகன் மாட்டுமணிச் சத்தம் கேட்டு அம்மாவை அடையாளம் கண்டுகொள்கிறான். நான் கொட்டாவி விட்டேன். பெண்கள் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்கள். அடுத்த காட்சியிலேயே ஒருத்தி தொடையில் ஒருத்தி தட்டிக்கொண்டு சிரிப்பு. இடைவேளைக்கு நான் வாங்கிக் கொடுத்த பப்ஸ்கூட அவர்களுக்குள் பாதிப் பாதி. எனக்கு வயிறு எரிந்தது. கட்டின புருஷனிடம் ஒருநாள் இப்படிச் சிரித்திருக்கிறாளா?

திரும்பும்போது, "கதைன்னு ஒண்ணு இருந்துச்சா அதுல?" என்றேன்.

"கதை எதுக்குங்க? நல்லா அழுதமல்லங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படம் பிடித்திருந்தது அவளுக்கு, அவ்வளவுதான். அந்த வரம் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அன்று தூக்கமே வரவில்லை.

அந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். வரிசையும் கிடையாது, டிக்கெட் போனுக்கே வந்துவிடுகிறது. கூடவே ஸ்டாரும் வருகிறது. ரிட்டயர் ஆனதும் நான் விமர்சனம் படிப்பதை விட்டேன். தங்கமணி பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போனேன். சொன்னால் சிரிப்பீர்கள், படம் எனக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். அவன் உர்ரென்று, "லாஜிக்கே இல்ல" என்று முனகிக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பக்கத்தில் ஒருத்தி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்; என்னுடையவள் வீட்டில் ஸ்டார் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.