ஒன்பது மில்லி ஆம்பியர்

லயல் பிரேசண்டேல் முப்பத்தொரு வருடம் பர்னி என்ற கடலோர ஊரின் காகித ஆலையில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்த்தவர். அங்கே அவர் கை படாத மீட்டர் கிடையாது. ஆலை மூடிய பிறகு, ஓய்வுபெற்றவர்கள் கூடி வேலை செய்யும் ஷெட்டில், மரம் அறுக்கிறவர்களின் இரைச்சலுக்கு அப்பால் ஜன்னலோரமாகக் கிடந்த மேசை தானாக அவருடையதாயிற்று. புதன்கிழமை காலையில் அங்கே உட்கார்ந்தாரென்றால் பத்து மணித் தேநீருக்குள் நாலு பேராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "லயல், இத கொஞ்சம் பாரேன்." அதைக் கேட்பதற்காகத்தான் அவர் புதன்கிழமைகளில் முகச்சவரம் செய்துகொள்கிறார் என்று யாராவது சொன்னால் மறுத்திருப்பார். மற்ற நாட்களில் அவர் சவரம் செய்வதில்லை.

சென்ற மார்ச் மாதத்திலிருந்து அதே வாக்கியம் அதே ஷெட்டில் வேறொரு பெயரோடு கேட்கத் தொடங்கியது. "நைரி, இத கொஞ்சம் பாரேன்."

நைரி டக்கெட் பால்பண்ணையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் குடிவந்தவர். எலெக்ட்ரானிக்ஸை யாரிடமும் படித்ததில்லை. மாட்டுக்கொட்டகையில் கன்று ஈனும் நேரத்தைக் கண்காணிக்க, தண்ணீர்த் தொட்டியில் மட்டம் பார்க்க என்று தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவர். கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பை அவர் பிடிக்கும் விதம் லயலுக்கு ஆகவே ஆகாது. கரண்டியைப் பிடிப்பது போலப் பிடிப்பார். இணைப்புகள் மொத்தையாக இருக்கும். ஆனால் விட்டுப்போகாது.

பெண்ணென்பதால்தான் எல்லாரும் நைரியிடம் போகிறார்கள் என்று முதலில் லயல் தனக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு, புதிது என்பதால். ஜூன் வந்தபோது சொல்லிக்கொள்ளக் காரணம் மிச்சமில்லை. நைரி ஒரு பொருளைக் கையில் வாங்கியதும், "இது எங்க வச்சிருந்தீங்க? மழை படுமா? யாரு தொடுவா?" என்று கேட்டார். லயல் வாங்கியதும் மூடியைத் திறந்தார். இந்த வித்தியாசத்தை லயல் கவனித்திருந்தார். கவனித்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கடற்கரையில் பெங்குயின்களைக் கவனித்துவரும் குழு ஒன்று ஷெட்டுக்கு வந்து ஓர் எண்ணும் பெட்டி கேட்டது. அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து ஏறி வரும் பெங்குயின்கள் பாறைகளுக்கிடையே ஒரே தடத்தில்தான் நடக்கும். அந்தத் தடத்துக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரை ஓடவிட்டு, அது அறுபடும் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும். பாறையில் மின்சாரம் இல்லை. ஒரு பவர் பேங்கை யூஎஸ்பி வயரில் மாட்டி வைக்க வேண்டும். அதை மாற்றும் இடைவேளையில் எண்ணிக்கை அறுந்துவிடாமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு சிறு லித்தியம் செல். பேங்கிலிருந்து பெட்டியும் ஓட வேண்டும், அந்தச் செல்லும் சார்ஜ் ஏறி நிறைய வேண்டும். குழுவுக்குத் தேவை ஒரே பெட்டி. செப்டம்பரில் பருவம் தொடங்குவதற்குள் வேண்டும். வைத்தால் வருடக்கணக்கில் அதுதான் அங்கே இருக்கும்.

நைரி இரண்டே வாரத்தில் ஒன்றைச் செய்து கொண்டுவந்து, பாறையில் ஒரு வாரம் வைத்தும் பார்த்துவிட்டார். ஏழு இரவும் எண்ணியிருந்தது.

"அப்ப முடிஞ்சுது கதை," என்றார் மெர்வ். ஆலையில் லயலோடு வேலை பார்த்தவர். ஷெட்டில் தேநீர் போடுவதும் வாயாடுவதும் அவர் பொறுப்பு.

"ஒண்ணு செஞ்சு பாத்தா முடிஞ்சிருமா?" என்றார் லயல். "நானும் ஒண்ணு செய்யறேன். எது நல்லதோ அவங்களே எடுத்துக்கட்டும்."

"எலேய், அது பெங்குயின் எண்றதுக்குடா. ராக்கெட் விடறதுக்கு இல்ல."

"செய்யட்டுமே," என்றார் நைரி. "எனக்கும் பாக்கணும்னு ஆசைதான்." உண்மையாகவே ஆசைப்பட்ட குரல் அது. லயலுக்கு அதுதான் முள்ளாகக் குத்தியது.

நைரியின் பெட்டி மேசையில் திறந்து கிடந்தபோது, அவர் கை கழுவப் போன நேரத்தில், லயல் குனிந்து பார்த்தார். யூஎஸ்பி உள்ளே வரும் இடத்திலேயே ஒரு ரெசிஸ்டர், சின்ன மின்தடைத் துண்டு, நேராக இரண்டு கம்பிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. எதையும் இயக்கவில்லை. எதையும் காக்கவுமில்லை. சும்மா மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சூடாகிக்கொண்டிருந்தது. விரல் வைத்துப் பார்த்தார், சுட்டது. அவசரமாக மீட்டரை மாட்டிப் பார்த்தார், மொத்தப் பெட்டியும் எழுபது மில்லி ஆம்பியர் இழுத்தது. அதில் பெரும்பங்கு அந்த ஒரு ரெசிஸ்டருக்கே போயிற்று. பேங்க் ஒரு வாரத்துக்கு மட்டுமே தாங்கியதும், இனி நைரி வாரந்தோறும் பாறையில் இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதும் இதனால்தான்.

அவருக்குள் எழுந்த மகிழ்ச்சி அவருக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மகிழ்ச்சிதான். நைரி திரும்பி வந்தபோது அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை கொண்டவன் எதிராளியை வேறு எவரையும்விட உன்னிப்பாகப் பார்க்கிறான். "இது எதுக்கு?" என்று மட்டும் கேட்பதில்லை.

அடுத்த ஐந்து வாரம் வீட்டின் பின்னறை விட்டு அவர் அதிகம் வெளியே வரவில்லை. பெட்டியின் மூளையை வினாடிக்கு இருபது முறை கணநேரம் மட்டும் விழிக்க வைத்தார். பகலில் ஒளிக்கதிரை அணைத்தார். சர்க்யூட் பலகையில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கைக்கூடப் பிடுங்கினார். ஆலை மூடியபோது ஏலத்தில் எடுத்த, வேண்டிய மின்சாரத்தை அளந்து கொடுக்கும் அருமையான பவர் சப்ளை அவரிடம் இருந்தது. அதன் மீட்டரில் எண் நாற்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது, பதினான்குக்கு இறங்கியது.

"ஆட்டுக்கறி ஆறுது," என்றாள் மனைவி லோர்னா வாசலில் நின்று.

"பதினொண்ணுக்கு வந்துருச்சு."

"மணியா?"

"மில்லி ஆம்பியர்."

"அந்த நைரியோடது எவ்வளவு?"

"நான் அத கேக்கவே இல்லையே."

"நீ கேக்க மாட்ட. அதான் நான் கேக்கறேன்."

"எழுபது," என்றார் லயல், தட்டைப் பார்த்தபடி.

கடைசியில் ஒன்பதில் நின்றது. ஆகஸ்ட் மாதப் புதன்கிழமையொன்றில் அந்தப் பவர் சப்ளையையே காரில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோய் எல்லார் முன்னும் காட்டினார். செல் நிறைந்திருந்தது. மீட்டரில் ஒன்பது. மர வேலைக்காரர்கள்கூட அறுப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

"ஒரு பேங்க் ஒரு மாசத்துக்கு மேல வரும்," என்றார் லயல்.

நைரி மூடியில்லாத பெட்டியை வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு லயல். இவ்ளோ சுத்தமா எனக்கு வராது." பிறகு, "பவர் பேங்க்ல மாட்டி விட்டுப் பாத்தீங்களா?"

"அஞ்சு வோல்ட் எங்கேர்ந்து வந்தா என்னங்க? அஞ்சு வோல்ட் அஞ்சு வோல்ட்தான்."

"இல்ல, சில பேங்க் வந்து..."

"முப்பத்தொரு வருஷம் இதத்தான் அளந்துட்டு இருந்தேன்," என்றார் லயல். சொன்ன குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. நைரி தோளைக் குலுக்கிவிட்டு ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெய் தடவப் போனார்.

அன்று மதியமே பெட்டியைப் பாறையில் வைத்தார்கள். அடுத்த புதன்கிழமை லயல், நைரி, மெர்வ் மூவருமாக இறங்கினார்கள். வடமேற்குக் காற்று முகத்தில் உப்பை அறைந்தது. மெர்வ் இரண்டு முறை வழுக்கி இரண்டு முறையும் பெங்குயின்களைத் திட்டினார். லயல் மூடியைத் திறந்தார். பெட்டி செத்துக் கிடந்தது. பேங்கின் பொத்தானை அழுத்தினார். நான்கு விளக்கும் எரிந்தன. முழுக்க நிறைந்திருந்தது.

ஷெட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தார்கள். புதன் இரவு நூற்று ஆறு பெங்குயின்கள். வியாழன் இரவு தொண்ணூற்றெட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பெங்குயினோடு நின்றுவிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"பேங்க்கு போச்சுடா," என்றார் மெர்வ் உடனே. "இதெல்லாம் ஒரு பொருளா? தூக்கிப் போடு, வேற பேங்க் வச்சு இன்னொரு வாரம் விடு."

லயல் நடுவே ஒரு மீட்டரை வைத்துப் பெட்டியை மறுபடி பேங்கில் மாட்டினார். காலியாகியிருந்த செல் வேகமாகக் குடித்தது. மெர்வ் தேநீர் ஊற்றி, குடித்து, கோப்பைகளைக் கழுவி, ஒரு முறை கடைக்கும் போய்வந்தார். மதியத்துக்கு மேல் செல் நிறைந்து, இழுப்பு ஒன்பதுக்கு இறங்கியது. லயல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது வினாடி இருக்கும். பேங்கின் விளக்குகள் நான்கும் ஒன்றாக அணைந்தன.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பவர் பேங்க் என்பது செல்போனுக்காகச் செய்தது. போன் நிறைந்துவிட்டால், இழுப்பு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், மாட்டியிருப்பது எதுவுமில்லை என்று நினைத்துத் தன்னையே அணைத்துக்கொள்ளும். யாராவது பொத்தானை அழுத்தும்வரை எழாது. ஒன்பது மில்லி ஆம்பியர் அதன் கண்ணில் எதுவுமில்லை. சிறு செல் இரண்டு நாள் தனியாகச் சுமந்துவிட்டு விழுந்திருக்கிறது. ஏலத்தில் எடுத்த அந்தப் பவர் சப்ளை எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் கொடுக்கும். அதனால்தான் அது அவருக்கு இதைச் சொல்லவில்லை. நல்ல கருவி இல்லாத நைரி முதல் நாளிலிருந்தே பேங்கில்தான் வேலை செய்தார், என்றோ ஒருநாள் கொட்டகையில் கண்காணிப்பு அணைந்து ஒரு கன்றைப் பறிகொடுத்திருக்கலாம். சும்மா சூடாகிக்கொண்டிருந்த அந்த ரெசிஸ்டர் பேங்கைத் தூங்கவிடாமல் கிள்ளிக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்தார். நைரி பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குகள் அணைந்ததைப் பார்த்திருந்தார், காரணமும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"சொன்னேன்ல, பேங்க்கு போச்சு," என்றார் மெர்வ்.

ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். வேறொரு பேங்க், இன்னொரு வாரம், அதற்குள் உள்ளே ஏதாவது மாற்றி வைத்துவிடலாம். நைரி காட்டிக்கொடுக்க மாட்டார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. எல்லார் முன்னும் விளக்கிச் சிரித்திருந்தால் லயல் அந்தப் பெண்ணை நிம்மதியாக வெறுத்திருப்பார். இந்த மௌனத்தை வாங்கி வைத்துக்கொண்டு இனி ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த முகத்தில் விழிப்பதா? கைவேலையில் தோற்பதைக்கூடச் சகிக்கலாம் போலிருந்தது. அந்தப் பெண்ணின் தயவில் தப்பிப்பதைச் சகிக்க முடியாது.

"பேங்க்ல ஒரு கோளாறும் இல்ல," என்றார் லயல். "தப்பு என்னுது. நைரியோட பெட்டியில ஒரு ரெசிஸ்டர் இருக்கு. அத நான் ஜூலையிலயே பாத்தேன். கேக்கல."

மெர்வ் வாயில் ஸ்கோனோடு நின்றார்.

"அது முழுநேரமும் எரிய வேண்டியதில்ல," என்றார் லயல், நைரியைப் பார்க்காமல். "இருபது வினாடிக்கு ஒருதரம், ஒரே ஒரு வினாடி கிள்ளினா போதும். பேங்க் முழிச்சுக்கிட்டே இருக்கும். மிச்சம் என் பலகை பாத்துக்கும். மூணு வாரம் வரும்."

"மூணு வாரமா!" நைரி நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். "அந்தப் பாறைல வாராவாரம் எறங்க என் முட்டி ஒத்துக்கல லயல். இந்த யோசனை எனக்கு வரவே இல்ல பாருங்க." பென்சிலை எடுத்து அவர் சொன்னதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். அந்த முகத்தில் துளி வருத்தமுமில்லை. அடுத்தவர் தன்னைவிட நன்றாக யோசித்ததில் ஒருவரால் இப்படிச் சந்தோஷப்பட முடியுமா என்று லயல் ஓரக்கண்ணால் தேடினார். நடிப்பு எங்காவது தட்டுப்படும் என்று எதிர்பார்த்தார். தட்டுப்படவில்லை. இப்போது அந்தச் சந்தோஷத்தின்மேலும் பொறாமை வந்தது.

இரண்டு பெட்டியும் ஒன்றாகிப் பாறைக்குப் போனது. இருபத்திரண்டு இரவு எண்ணியது. குழுவின் செயலாளர், பார்வையாளர்கள் நிற்கும் மேடையில் ஒரு சிறு பலகை வைக்க வேண்டும், யார் பெயரைப் போடுவது என்று ஷெட்டுக்கு வந்து கேட்டார்.

"ரெண்டு பேர் பேரையும் போடுங்க," என்றார் நைரி. "அவர் பேரு முதல்ல."

"வேணாம்," என்றார் லயல். "நைரி பேரு மட்டும் போதும்."

நைரி எவ்வளவோ சொல்லியும் அவர் இறங்கிவரவில்லை. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், அந்தப் பெயர் விட்டுக்கொடுத்த இடத்தில், தன் பெயர் மழையிலும் வெயிலிலும் நிற்பதை அவரால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. மெர்வ் இதை இன்றைக்கும் தேநீர் வேளையில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பெரிய மனசுய்யா இவனுக்கு. எங்க ஆலை ஆளுங்க அப்படித்தான்."

லயல் அதை மறுப்பதில்லை.