ஆபரேட்டர் எடுத்துவிட்ட ரீல்

இன்று வெள்ளிக்கிழமை பூஜையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, அம்பத்தூர் தியேட்டருக்குக் காலைக் காட்சிக்குப் போனேன். பழைய ஜப்பான் குடும்பப் படங்களை மறுபடியும் பெரிய திரையில் போடுகிறார்கள்.

இன்றைய படத்தில், கோபித்துக்கொண்டு போன மகன் பல வருடம் கழித்து வந்து அம்மா எதிரில் உட்காருகிறான். அம்மா டீ ஊற்றுகிறாள்.

அடுத்த காட்சியில் அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைகிறது!

மன்னித்தாளா, இல்லையா? நேரே மாடியேறி ஆபரேட்டரைக் கேட்டேன்.

"ஒரு ரீல எட்த்துட்டேன்க்கா. பன்னெண்டு மணிக்கு நம்ம படம் போடணும்ல?"

"அதுக்கு அந்த ரீல்தான் கிடைச்சுதா?"

"அதுல இன்னா கீது? பாட்டு இல்ல, ஃபைட்டு இல்ல. ரெண்டு பேரும் குந்திகினு டீ குடிக்கிறாங்கோ. உங்க ஊட்ல பாக்காததா?"

"என் பெரிய பையன் என் எதிர்ல உக்காந்து ஆறு மாசம் ஆச்சுப்பா."

அவன் தலையைச் சொறிந்தான். "அந்தம்மா என்னமோ சொல்லிச்சுக்கா. அந்தாளு அழுதாரு."

என்ன சொன்னாள் என்பதுதானே எனக்கு வேண்டும்! அடியில் ஓடிய இங்கிலீஷை அவன் படிக்கவில்லையாம்.

முழுப்படம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் பெரிய பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் தெரிந்தால் நல்லது.